நண்பனுக்கு ஓர் அணிச்சல்

நண்பனின் பிறந்தநாளுக்குக் கடையில் வாங்கும் அணிச்சலினும், நம் கையால் செய்த சாக்லேட் அணிச்சலே சிறந்தது என்பது எம் கருத்து. அடுப்புக்கு எங்கே போவது என்று அன்னையர் வினவலாம். பெரிய பானையில் நீராவியிலேயே அதை வேகவைக்கலாம். ஆறிய பின்னரே வண்ண மிட்டாய்களைப் பதிக்க வேண்டும். சூட்டில் பதித்தால் சாயம் வழிந்துவிடும்.

கொக்கோவும் நமக்குப் புதிதன்று. 1980ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் பலவற்றில் அது பயிரிடப்பட்டது. காயை உடைத்து, விதையைப் புளிக்க வைத்து உலர்த்தியோரில் நம் பாட்டன், பாட்டிமாரும் உண்டு. அவர்களுள் எத்தனை பேர் சாக்லேட் சுவைத்தனரோ!

ஆயினும் மிட்டாயில் கவனம் தேவை. மென்று இழுக்கும் மிட்டாய் பலவற்றில் ஜெலட்டின் உள்ளது. அது விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுக்கப்படுவது. பன்றியினுடையதாயின் நம் மலாய் நண்பன் உண்ணமாட்டான். மாட்டினுடையதாயின் நம் பாட்டியே தொடமாட்டார். ஆகவே, ஹலால் முத்திரை பெற்ற, ஜெலட்டின் கலவாத மிட்டாயையே தேடி வாங்க வேண்டும்.

இது அற்பச் செய்தி என்று சிலர் நகைக்கலாம். 2001 மார்ச்சில் நம் கம்போங் மேடான் வட்டாரத்தில் மூண்ட இனக்கலவரத்தில் அறுவர் மாண்டனர். அவ்வாறான இடத்தில் அண்டை வீட்டுக்குப் போகும் ஒரு தட்டுப் பலகாரத்தை நாம் அற்பமாகக் கருதவில்லை.

மாவு கலக்குமுன்பே நண்பனின் தாயாரிடம் கேட்டுவிடுவோம், கேட்பதில் குறைவொன்றுமில்லை. மிட்டாய் உறையையும் எறியாமல் வைத்திருந்து காட்டுவோம். அவரும் ஐயமின்றி ஒரு துண்டு எடுத்துக்கொள்வார்.