உமறுப் புலவரின் வயலும் மானும்

மஃரிபுக்குப் பின் வீட்டில் சீறாப்புராணத்தின் நாட்டுப் படலத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது என் மகன் கேட்டான்: "அத்தா, மக்காவுல ஏது நெல்லு வயல்?" மதரஸாவில் ஓதும் பிள்ளை கேட்க வேண்டிய கேள்விதான். இப்ராஹீம் (அலை) அவர்களின் துஆவிலேயே அவ்விடம் வேளாண்மையற்ற நிலம் என்று திருக்குர்ஆன் (14:37) தெளிவாக உரைக்கிறது. உமறுப் புலவரோ அரபு நாட்டில் மேகத்தைக் கருக்கொள்ளச் செய்கிறார், மலையில் மழையைப் பொழிவிக்கிறார், வெள்ளத்தைக் காடு கடத்தி வயலுக்குக் கொண்டுவருகிறார், நாற்று நடுவிக்கிறார், கதிர் அறுப்பிக்கிறார்.

இந்தக் கேள்வியைப் பெரியவர்களும் கேட்கின்றனர்; ஆனால் வேறு தொனியில். "கற்பனை கலந்த நூல் நமக்கு எதற்கு? ஸீராவைப் படிக்க நல்ல உரைநடை நூல்கள் இருக்கின்றனவே" என்கின்றனர். நம் வீடுகளிலிருந்து சீறாப்புராணம் மெல்ல வெளியேறியதற்கு மொழியின் கடினம் ஒரு காரணமென்றால், இந்த ஐயம் மற்றொன்று. ஐயம் நேர்மையானது என்பதில் எனக்கு மறுப்பில்லை. அதிலிருந்து எடுக்கும் முடிவில்தான் மாறுபடுகிறேன்.

முதலில் அந்த வயலைப் பார்ப்போம். உமறு 17ஆம் நூற்றாண்டில் எட்டயபுரத்தில் வாழ்ந்தவர். அது கரிசல் பூமி. மழையை எதிர்பார்த்துக் கிடக்கும் மானாவாரி நிலம். ஆகவே அவர் பாடிய வயல் மக்காவினுடையதும் அன்று, அவர் வாசலில் கண்டதும் அன்று. பெருங்காப்பியம் என்றால் மலை, கடல், நாடு, நகர் ஆகியவற்றின் வருணனை வேண்டும் என்பது தண்டியலங்காரம் வகுத்த இலக்கணம். கம்பர் கோசல நாட்டை அவ்வாறுதான் பாடினார். அவருக்கு முன்னர்ச் சிந்தாமணி ஆசிரியரும் ஏமாங்கத நாட்டை அவ்வாறுதான் பாடினார். தமிழ்ச் சபையில் ஒரு நாட்டைப் பெருமைப்படுத்த வேண்டுமானால் அதற்கு நீரும் நெல்லும் கொடுக்க வேண்டும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பிறந்த மண்ணுக்குத் தமிழின் மிக உயர்ந்த மரியாதையைச் செலுத்த விரும்பிய புலவருக்கு வேறு வழி இருந்ததா?

கெங்குவார்பட்டியில் வாழும் நமக்கு அந்தப் படலம் விளங்க உரை வேண்டியதில்லை. ஐப்பசியில் வடக்கே கொடைக்கானல் மலைமேல் மேகம் கவிழ்ந்தால் தலையாற்று அருவி தடிக்கும். மஞ்சளாறு நிறம் மாறி இறங்கும். சில நாள்களில் மாந்தோப்புகளைத் தாண்டி வயல்களில் நடவுப் பேச்சு எழும். மலை, காடு, வயல் என்று நீர் இறங்கும் அதே வரிசையில்தான் உமறுவின் பாடல்களும் இறங்குகின்றன. மகனுக்கு நான் சொன்ன விடை இதுதான்: மக்காவில் வயல் இல்லை, புலவருக்கும் அது தெரியும், தம்மிடம் இருந்ததில் சிறந்ததை அவர் அங்கே கொண்டுபோய் வைத்தார்.

காண்டங்களுக்கு இட்ட பெயர்களிலேயே அவருடைய நெறி தெரிகிறது. விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜுறத்து என மூன்றும் அரபுச் சொற்கள். அவற்றின் உட்பிரிவோ தமிழ்க் காப்பியத்தின் 'படலம்'. ஈமான், தீன், கலிமா போன்ற சொற்களை மொழிபெயர்க்காமல் விருத்த ஓசைக்குள் அப்படியே பொருத்துகிறார். மார்க்கத்தின் கலைச்சொல் மாறாது; அதைச் சுற்றியுள்ள உலகம் தமிழாகும். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் இந்த எல்லையை அவர் காத்த விதம் எளிதன்று.

அவருடைய ஆற்றலை முழுமையாகக் காண வேண்டுமானால் 'மானுக்குப் பிணை நின்ற படலம்' படிக்க வேண்டும். வேடர் ஒருவரின் வலையில் பெண்மான் ஒன்று சிக்குகிறது. அவ்வழியே வந்த நபிகளாரிடம் அது முறையிடுகிறது: கன்று பசித்திருக்கும், பாலூட்டிவிட்டுத் திரும்பி வருகிறேன். மான் வராவிட்டால் ஒன்றுக்கு இரண்டாகத் தருவதாக நபிகளார் பிணை நிற்கிறார்கள். விடுபட்டுச் சென்ற மானை அதன் இனம் தடுக்கிறது. அது கேட்கவில்லை; சொன்ன சொல்லுக்காகத் திரும்புகிறது, கன்றும் உடன் வருகிறது. வேடர் ஈமான் கொள்கிறார்.

'பிணை' என்னும் சொல்லைக் கவனியுங்கள். தமிழில் அதற்குப் பொறுப்பு நிற்றல் என்றும் பொருள், பெண்மான் என்றும் பொருள், கட்டுதல் என்றும் பொருள். வலையில் பிணைக்கப்பட்ட பிணைக்குப் பிணை! கதையின் மூன்று நிலைகளும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. அரபியில் இக்கதையைச் சொன்னவருக்கு இந்த வாய்ப்பு இல்லை.

அதைவிட நான் வியப்பது வேறொன்று. இப்படலத்தில் மிக விரிவாகப் பேசுவது மான்தான். கூட்டத்தைப் பிரிந்த துயர், கன்றின் பசி, உயிரச்சம் என்று மனத்தை உருக்கும் பகுதிகளெல்லாம் அதன் வாய்மொழி. நபிகளாரின் சொற்களோ சில. பிணை நிற்பதற்கு வேண்டிய அளவே. கற்பனைக்குக் கட்டற்ற உரிமை எங்கே உண்டு, எங்கே அடக்கம் வேண்டும் என்பதைப் புலவர் இவ்வாறு பகுத்துக்கொண்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. கருணையை அடைமொழிகளால் புகழாமல், அக்கருணையைப் பெற்ற உயிரின் வாயால் உணர்த்துகிறார்.

இந்நிகழ்ச்சியைக் கூறும் அறிவிப்புகளின் வலிமை பற்றி ஹதீஸ் கலை அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இதைப் பிள்ளைகளிடம் மறைக்கக் கூடாது. அகீதாவுக்கும் அமலுக்கும் ஆதாரம் குர்ஆனும் ஸஹீஹான ஹதீஸும். காப்பியத்தை அந்த இடத்தில் வைக்கும்படி உமறு கேட்கவில்லை. அவருக்கு முதலில் வரலாற்றுக் குறிப்புகளைத் தர ஸதக்கத்துல்லாஹ் அப்பா தயங்கினார்கள் என்றொரு செவிவழிச் செய்தி வழங்குகிறது. ஆலிமுக்கும் புலவருக்கும் இடையிலான அந்தத் தயக்கம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. ஆயினும் சீதக்காதி வள்ளல் நூலைத் தொடங்கி வைத்தார். பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயர் தொடர்ந்து ஆதரித்தார். கவிஞர்களைக் கண்டிக்கும் அஷ்ஷுஅரா அத்தியாயமே ஈமான் கொண்டு நற்செயல் புரிவோரை விலக்கிக் காட்டுகிறது. ஹஸ்ஸான் இப்னு ஸாபித் (ரலி) அவர்களின் கவிதையை நபிகளார் விரும்பிக் கேட்டதை அறியாதவர் யார்?

கற்பனைக்கு அஞ்சி இந்நூலை மூடி வைத்தால், பிள்ளைகள் கற்பனையே இல்லாமல் வளரப்போவதில்லை. கைப்பேசி அதைத் தாராளமாகத் தருகிறது. தமிழும் தீனும் தனித்தனி வீட்டுக்குரியவை என்று அவர்கள் எண்ணிக்கொள்வதுதான் நேரும் இழப்பு.

ரபீஉல் அவ்வல் மாதத்திலாவது வீட்டில் ஒரு படலம் படிக்கலாம். உரையுடன் கூடிய பதிப்பு வேண்டும். நாளொன்றுக்குப் பத்துப் பாடல்கள் போதும். நாட்டுப் படலத்தில் தொடங்காதீர்கள். நான் செய்த பிழை அது. மானில் தொடங்குங்கள். எங்கள் வீட்டில் இவ்வாண்டு அப்படித்தான் படித்தோம். கன்றும் தாயுமாக இரண்டும் வேடர்முன் வந்து நின்ற இடத்தில் மகள் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மகன் மட்டும் கேட்டான்: "அப்போ அந்த வேடர் வீட்டுல அன்னிக்கு ராத்திரி என்ன சாப்பிட்டாங்க?"