சந்தையும் ஒரு பள்ளியே

தம்பி தங்கையரைக் கடைக்கு அழைத்துச் செல்வது நம்மில் பலருக்குப் பிடிக்காத வேலை. "அது என்ன? இது எதற்கு?" என்று வழியெல்லாம் கேட்பார்கள். "பேசாமல் வா" என்று நாம் அதட்டிவிடுகிறோம். பேசக் கற்கும் பிள்ளையின் வாயை நாமே அடைக்கிறோம் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

எழுத்தைக் கற்குமுன் குழந்தைக்குச் சொற்கள் வேண்டும். அவை சந்தையில் நிறைந்து கிடக்கின்றன. கீரை என்று நாம் ஒரே சொல்லில் முடிப்பதை, கீரைக்காரப் பாட்டி அரைக்கீரை, சிறுகீரை, மணத்தக்காளிக்கீரை எனப் பிரித்துக் காட்டுவார். தொட்டும் முகர்ந்தும் அறிந்த பெயர் மறக்குமா? பூவுக்கு முழம், கீரைக்குக் கட்டு, வாழைப்பழத்துக்குச் சீப்பு, வெற்றிலைக்குக் கவுளி என்னும் வழக்குகளும் அங்கேதான் காதில் விழும். வாழைப்பழம், வெள்ளரி, கொத்தமல்லி என்று சொல்லிப் பழகினால் ழகர, ளகர, லகர வேறுபாடு நாவில் தானே படியும்.

1999-இல் மதுரையில் முதலில் தொடங்கி, பின்னர் பல ஊர்களிலும் ஏற்பட்ட உழவர் சந்தைகளில் அன்றாட விலையைப் பலகையில் எழுதி வைக்கிறார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல கரும்பலகை ஏது?

எங்கள் தோழி ஒருத்தியின் நான்கு வயதுத் தம்பி, வேற்றார் முன் வாய் திறக்கமாட்டான். வாரந்தோறும் அக்காவுடன் சந்தைக்குப் போனான். ஒருநாள் அவள் மறந்துவிட்டதை அவனே, "பாட்டி, கறிவேப்பிலை கொஞ்சம் குடுங்க" என்று கேட்டு வாங்கினான். அன்று அவள் அடைந்த மகிழ்ச்சி எந்தத் தேர்விலும் கிடைத்ததில்லையாம்!

ஆனால் ஒன்று. சந்தையைத் தேர்வு மண்டபமாக்கிப் பிள்ளையைத் துளைத்தெடுக்கக் கூடாது. பிழையாகச் சொன்னால் சிரிக்கவும் கூடாது. சரியான சொல்லை நாம் இயல்பாக ஒருமுறை சொன்னால் போதும்.

வேலை முடிந்து அலுத்து வரும் பெற்றோருக்கு இதற்கெல்லாம் நேரமில்லை என்பது உண்மையே. கைப்பேசியைக் கொடுத்து உட்கார வைத்தால் வீடு அமைதியாக இருக்கும் என்பதும் உண்மையே. ஆனால் கைப்பேசி ஓயாமல் பேசுமே தவிர, பிள்ளையின் மழலையைக் காது கொடுத்துக் கேட்காது. ஆகவே, அன்புப் பெற்றோரே, வாரம் ஒருமுறை, கூட்டம் குறைந்த வேளையில் இப்பொறுப்பை அக்காமார்களாகிய எங்களிடம் விடுங்கள். இரண்டே பொருள்களைச் சின்னவர்கள் தம் வாயால் கேட்டு வாங்கட்டும்.

தோழியரே, அடுத்த முறை கூடையை ஒரு கையிலும் தம்பியை மறு கையிலும் பிடித்துச் செல்வோம். அவன் கேட்கும் கேள்விகளுக்குப் பொறுமையாக விடை சொல்வோம். காய்கறியோடு பத்துப் புதுச் சொற்களும் வீடு வந்து சேரட்டும்!