ஓல்டர்ஷொட்டுக்கு வந்தவர்கள்: கூர்க்கா ஓய்வூதியர்களின் கணக்கும் எமது கணக்கும்

இராணுவத்திலிருந்து விலகும் ஒருவர் எந்த ஊரில் போய்க் குடியிருப்பது? சேவையில் இருக்கும்வரை இந்தக் கேள்வி எழுவதில்லை. இருப்பிடத்தைப் படையே கொடுக்கிறது, ஊரையும் அதுவே தீர்மானிக்கிறது. விலகிய பிறகுதான் வாடகை, வேலை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வைத்தியசாலை எல்லாவற்றையும் கைக்கு வரும் பணத்துக்குள் அடக்கக்கூடிய ஓர் ஊரை அவர் தேட வேண்டியிருக்கிறது. பிரித்தானியாவில் இந்தத் தேடலை மிகக் கடினமான நிலையில் செய்தவர்கள் நேபாளத்தின் கூர்க்கா படையினர். அவர்களில் பெருந்தொகையானோர் வந்து சேர்ந்த இடம் ஹாம்ப்ஷயரில் உள்ள ஓல்டர்ஷொட் என்ற சிறிய நகரம். இலண்டன் வாடகை தாளாமல் மில்ரன் கீன்ஸ், கொவென்றி என்று இடம் பார்க்கும் எமது குடும்பங்கள் இவர்களின் அனுபவத்தைக் கவனிப்பது நல்லது.

முதலில் ஒரு தெளிவு. கூர்க்கா என்றதும் எம்மவர் பலருக்கு 1987இல் இந்திய அமைதிப்படையோடு வந்திறங்கிய கூர்க்கா அணிகளே நினைவுக்கு வரும். இவர்கள் அவர்கள் அல்லர். 1947இல் நேபாளம், இந்தியா, பிரித்தானியா ஆகிய மூன்று நாடுகளும் செய்த ஒப்பந்தத்தின்படி அன்றிருந்த பத்து கூர்க்கா ரெஜிமென்ட்டுகளில் ஆறு இந்தியாவுக்கும் நான்கு பிரித்தானியாவுக்கும் போயின. நாம் இங்கே பேசுவது பிரித்தானிய இராணுவத்தில் சேவை செய்து, மலாயாவிலும் ஹொங்கொங்கிலும் காலத்தைக் கழித்தவர்களைப் பற்றி.

இந்த ஒப்பந்தம் அவர்களின் சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் இந்திய இராணுவத்தின் அளவோடு கட்டிவைத்தது. சேவை முடிந்ததும் அவர்கள் நேபாளத்துக்குத் திரும்பிவிடுவார்கள், அங்கே அந்தப் பணம் போதும் என்பதே அடிப்படை எண்ணம். 1997 ஜூலை 1இல் ஹொங்கொங் சீனாவிடம் கையளிக்கப்பட, கூர்க்கா படையின் தளம் பிரித்தானியாவுக்கு மாறியது. அந்தத் தேதியே பின்னர் ஒரு கோடாகிவிட்டது. அதற்குப் பிறகு விலகியவர்கள், குறைந்தது நான்கு ஆண்டுகள் சேவை செய்திருந்தால், இங்கே குடியேறலாம் என்று 2004இல் அரசாங்கம் அறிவித்தது. அதற்கு முன் விலகியவர்களுக்குக் கதவு ஏறத்தாழ மூடியே இருந்தது.

அந்தக் கதவை நீதிமன்றமும் மக்களும் சேர்ந்து திறந்தார்கள். 2008 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அரசின் கொள்கை சட்டத்துக்கு ஒவ்வாதது என்று தீர்ப்பளித்தது. 2009 ஏப்ரல் 29இல் நாடாளுமன்றத்தில் லிபரல் டெமொக்ரட் கட்சி கொண்டுவந்த பிரேரணையில் அரசு 267க்கு 246 என்று தோற்றது. தகப்பனார் கூர்க்கா ரெஜிமென்ட்டில் அதிகாரியாக இருந்த நடிகை ஜோன்னா லம்லி முன்னின்று நடத்திய போராட்டம் நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது. மே 21இல், நான்கு ஆண்டுகள் சேவை செய்த எல்லோரும் வரலாம் என்று உள்துறை அமைச்சர் ஜாக்கி சிமித் அறிவித்தார்.

வரலாம் என்று சொன்ன அரசு, எங்கே இருப்பது, எதைக் கொண்டு வாழ்வது என்பதற்கு ஒரு திட்டமும் வைக்கவில்லை.

வீட்டு விலையை மட்டும் பார்த்திருந்தால் அந்த முதியவர்கள் இங்கிலாந்தின் வடக்குக்கோ வேல்ஸின் பள்ளத்தாக்குகளுக்கோ போயிருக்க வேண்டும். ஓல்டர்ஷொட் பக்கத்து ஊரான பார்ன்ஹமைவிட மலிவு என்றாலும், நாட்டின் கணக்கில் அது மலிவான இடமல்ல. ஆனாலும் அவர்கள் அங்கே போனதற்குக் காரணம் உண்டு. ஓல்டர்ஷொட் 1854 முதல் இராணுவ நகரம். 1997க்குப் பிறகு விலகிய இளைய கூர்க்காக்கள் ஏற்கெனவே அங்கே வீடு எடுத்திருந்தார்கள். ஆங்கிலம் குறைவான ஒருவருக்கு விண்ணப்பம் நிரப்பித் தரவும், வைத்தியரிடம் கூட்டிப் போகவும், ஓர் அறையைப் பகிரவும் அங்கே ஆள் இருந்தது. ஒரு மணித்தியாலத்துக்குள் இலண்டன் வாட்டர்லூவுக்கு ரயில் இருந்தது. மலிவான ஆனால் அறிமுகமற்ற ஊரில் இவை ஒவ்வொன்றுக்கும் காசு கொடுக்க வேண்டும், அல்லது அது இல்லாமலே இருக்க வேண்டும். 2015இல் தலாய் லாமா வந்து அங்கே பௌத்த சமூக நிலையத்தைத் திறந்து வைத்தார் என்றால், சில ஆண்டுகளில் அந்தச் சமூகம் எவ்வளவு வேரூன்றிவிட்டது என்பது விளங்கும்.

ஆனால் வருமானப் பக்கம் பலவீனமாகவே இருந்தது. 1997க்கு முன் விலகியவர்களின் கூர்க்கா ஓய்வூதியம் பிரித்தானியப் படையினருடையதைவிட மிகக் குறைவு. அதையும் பெறுவதற்குப் பதினைந்து ஆண்டுகள் சேவை வேண்டும். 1960களின் இறுதியில் தொடங்கிய படைக்குறைப்பில் அந்தப் பதினைந்தை எட்டாமலே அனுப்பப்பட்ட ஆயிரக்கணக்கானோருக்கு ஓய்வூதியமே இல்லை. இந்த வேறுபாடு நியாயப்படுத்தக்கூடியதே என்று 2016இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2021 ஓகஸ்டில் டவுனிங் வீதிக்கு முன்னால் 13 நாட்கள் உண்ணாவிரதம் இருந்த பிறகே அரசு மீண்டும் பேச இணங்கியது.

ஆகவே முதியவர் ஒருவர் இங்கே வாழ நம்பியிருப்பது அவர் உழைத்துச் சம்பாதித்த ஓய்வூதியத்தை அல்ல, குறைந்த வருமானமுள்ள முதியோருக்கு அரசு கொடுக்கும் பென்ஷன் கிரெடிட்டை. 2025–26இல் தனி ஒருவரின் வருமானத்தை வாரம் 227.10 பவுண் வரை அது உயர்த்திக் கொடுத்தது. கையில் வரும் கூர்க்கா ஓய்வூதியம் இதிலிருந்து கழிக்கப்படும். இந்த உதவி நாட்டுக்குள் வாழ்பவருக்கு மட்டுமே. 2016 ஜூலை முதல், சில விதிவிலக்குகள் தவிர, நான்கு வாரங்களுக்கு மேல் வெளிநாட்டில் தங்கினால் அது நின்றுவிடும். வாடகைக்கான ஹவுசிங் பெனிபிட்டுக்கும் இதே நிலைதான்.

இதன் பொருளை எமது வீடுகளில் உள்ள பெரியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இங்கே இருந்தால் சாப்பாடும் மருந்தும் உண்டு, ஊரும் உறவும் இல்லை. அங்கே போனால் உறவு உண்டு, கையில் காசில்லை. பதினெட்டு வயதைக் கடந்த பிள்ளைகளுக்குத் தாய் தகப்பனோடு வரும் உரிமை தானாகக் கிடைக்கவில்லை. 2013இல் மேன்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்பும் 2015இல் வந்த புதிய விதியும் சிலருக்கு வழிவிட்டன. அதற்குள் பல ஆண்டுகள் போய்விட்டன.

வாடகைக்குக் கிடைக்கும் உதவிக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. தனியார் வீட்டில் இருப்பவருக்குப் பிரதேசவாரியாக ஒரு தொகை நிர்ணயிக்கப்படுகிறது. 2020 முதல் 2024 ஏப்ரல் வரை அது உறைநிலையில் இருந்தது, அப்போது உயர்த்தப்பட்டு மீண்டும் உறைந்தது. வாடகையோ நிற்கவில்லை. வித்தியாசத்தைச் சாப்பாட்டுக் காசிலிருந்து கொடுக்க வேண்டும், அல்லது இன்னொரு குடும்பத்தோடு வீட்டைப் பகிர வேண்டும். ஓர் ஊர் ஒருவருக்குக் கட்டுப்படியாகுமா என்பதை வாடகை மட்டுமல்ல, அந்த ஊருக்கு அரசு வைத்திருக்கும் உச்சவரம்பும் தீர்மானிக்கிறது.

சுமை ஊரின் மீதும் விழுந்தது. ஓல்டர்ஷொட்டும் பார்ன்பறோவும் சேர்ந்த ரஷ்மோர் பிரதேசத்தின் மொத்தச் சனத்தொகையே ஏறத்தாழ ஒரு இலட்சம்தான். உள்ளூர்ச் சேவைகளால் தாங்க முடியவில்லை என்று 2011இல் அந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் ஜெரால்ட் ஹோவார்த் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். நேபாளச் சமூகம் அதைக் காயமாகவே உணர்ந்தது. ஆனால் அவர் சுட்டிய நெருக்கடி கற்பனையல்ல. முடிவை எடுத்தது வெஸ்ட்மின்ஸ்டர், அதன் செலவும் கோபமும் ஒரு சிறிய நகரத்தின் வைத்தியர்களிடமும் உள்ளூராட்சி சபையிடமும் போய்ச் சேர்ந்தன. பஸ்ஸில் பக்கத்து ஆசனத்தில் இருக்கும் முதியவர்மேல் வந்த எரிச்சல் உண்மையில் அமைச்சர்கள்மேல் வந்திருக்க வேண்டியது.

பின்னர் விலகியவர்களின் நிலை வேறு. 1997 ஜூலைக்குப் பிறகும் சேவையில் இருந்தவர்கள் பிரித்தானியப் படையினரின் ஓய்வூதியத் திட்டத்துக்கு மாற 2007இல் வழி கிடைத்தது. 2014இல் வந்த திட்டத்தின்படி சேவையில் இருக்கும்போதே வீடு வாங்க, 25,000 பவுண் வரை வட்டியில்லாக் கடன் எடுக்கலாம். இங்கிலாந்தில், விலகியவர் சமூக வீட்டுக்கு விண்ணப்பித்தால், அந்த ஊரோடு முன்தொடர்பு இல்லை என்று தட்டிக்கழிக்க முடியாது. ஆறு ஆண்டுகள் சேவை செய்த வெளிநாட்டவருக்கு, அன்று 2,389 பவுணாக இருந்த குடியேற்றக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் நீக்கப்பட்டது. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அப்போது அந்தச் சலுகை கிடைக்கவில்லை. இந்தத் தலைமுறைக்கு முகாம் உள்ள போக்ஸ்ரன், மெய்ட்ஸ்ரன், ஸ்ரபோர்ட் என்று ஊர்களை ஒப்பிட்டுப் பார்க்க இடமிருக்கிறது. தகப்பன்மாருக்கு இல்லாதது அந்த அவகாசம்தான்.

எமக்கு இதில் உள்ள பாடம், எல்லோரும் கூட்டமாக ஓரிடத்தில் இருக்க வேண்டும் என்பதல்ல. வீட்டு விலையைப் பார்த்து ஊரை முடிவு செய்யும்போது விலைப்பட்டியலில் வராதவற்றையும் எழுதிக் கூட்ட வேண்டும் என்பதே. வீட்டில் இரண்டாவது சம்பளம் அந்த ஊரில் கிடைக்குமா? கார் ஓட்டத் தெரியாத அம்மா தனியாக வைத்தியரிடம் போய்வர பஸ் இருக்கிறதா? அங்கே தமிழ் தெரிந்த ஒருவர் இல்லாவிட்டால் அவருக்காக யார் வேலைக்கு லீவு போடுவது? அப்பா ஊருக்குப் போய் இரண்டு மாதம் நின்றால் எந்த உதவி நிற்கும்? இந்தச் செலவுகளைக் கூட்டினால், ஐம்பதாயிரம் பவுண் குறைவான வீடு சில குடும்பங்களுக்கு உண்மையிலேயே மலிவாக இருக்கும். சில குடும்பங்களுக்கு இருக்காது. வீட்டை விற்க முதல் இந்தக் கணக்கை வீட்டில் உள்ள பெரியவர்களையும் வைத்துக்கொண்டு போட்டுப் பார்க்க வேண்டும்.