வீட்டுக் கணனி யாருடைய பொறுப்பு?

இலண்டனிலே எம்மவர் வீடுகளில் வரவேற்பறையின் ஒரு மூலையில், தொலைக்காட்சிப் பெட்டிக்கு அருகிலோ சுவாமிப் படத்துக்குக் கீழேயோ, ஒரு கணனி இருக்கின்றது. அதற்குப் பணம் கொடுத்தவர் தந்தையார். அதன்மேற் படியும் தூசியைத் துடைப்பவர் தாயார். ஆயினும் அது யாருடைய பொறுப்பு என்று கேட்டால் இருவருமே பிள்ளையைத்தான் காட்டுவர். "அதெல்லாம் தம்பிக்குத்தான் தெரியும்" என்பது எமது வீடுகளில் ஒரு மந்திரம் போல் ஆகிவிட்டது. அந்தச் சொல்லால் விளையும் கேட்டைப் பற்றியே இவ்வாரம் எழுத விழைகின்றேன்.

எனக்குத் தெரிந்த குடும்பமொன்றில் அண்மையில் நிகழ்ந்ததைக் கூறுகின்றேன். மூத்த மகன் பல்கலைக்கழகப் படிப்புக்காக வேறு நகரத்துக்குச் சென்றுவிட்டார். வீட்டிலிருந்த காலத்தில், விளையாட்டுக்கு இடையூறு என்று கணனியின் புதுப்பித்தலை, அதாவது எல்லோரும் 'அப்டேற்' என்று சொல்வதை, அவர் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். அவர் போன பின்னர் அதைக் கவனிப்பார் எவருமில்லை. சட்டத்தரணிக்கு மறுநாட் காலைக்குள் சில பத்திரங்களை அனுப்பவேண்டியிருந்த ஓர் இரவில், கணனி தானாகவே புதுப்பித்தலைத் தொடங்கியது. திரையில் ஒரு விழுக்காட்டு எண் தோன்றி, நெடுநேரம் அசையாமல் நின்றது. தந்தையார் பொறுமையிழந்து பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்தார். பின்னர் அது எழும்பவேயில்லை. கடையொன்றுக்குக் கொண்டுபோனார்கள். கடைக்காரர் தட்டு முழுவதையும் அழித்துப் புதிதாக விண்டோஸ் ஏற்றிக் கொடுத்தார். கணனி வேலை செய்கின்றது. ஆனால் ஊரிலே நடந்த அம்மம்மாவின் இறுதிச் சடங்கின் ஒளிப்பதிவு அதிலேதான் இருந்தது; வேறெங்கும் பிரதி இல்லை.

1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்தை விட்டு வெளியேறியபோது, காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், கலியாணப் படம் என்று கைக்கு அகப்பட்டதை ஒரு பைக்குள் வைத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்த மக்கள் நாம். கடதாசியின் பெறுமதியை எமக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை. அந்தப் பையின் இடத்தில் இன்று கணனி இருக்கின்றது. பழைய படங்களையெல்லாம் அதற்குள்ளேயே போட்டு வைத்திருக்கின்றோம். இந்நாட்டிலே கையிலிருந்த வதிவிட அனுமதி அட்டைகளும் 2024 ஆம் ஆண்டின் முடிவோடு வழக்கொழிந்து, இணையத்தில் மட்டும் காணக்கூடிய மின் விசாவாக மாறிவிட்டன. வேலை கொடுப்பவருக்கும் வீட்டுச் சொந்தக்காரருக்கும் எமது உரிமையைக் காட்டுவதற்கு, அந்தக் கணக்கினுள் நுழைந்து 90 நாள்கள் செல்லுபடியாகும் ஓர் இலக்கத்தை எடுத்துக் கொடுக்கவேண்டும். ஆகவே வீட்டுக் கணனி பழுதாவது இனிமேல் பிள்ளையின் விளையாட்டுக் கெட்டுப்போகும் விடயமன்று. குடும்பத்தின் பத்திரப் பெட்டியே பூட்டிக்கொள்ளும் விடயமாகும்.

அப்டேற் வேண்டாமா?

"அப்டேற் செய்யாமல் விட்டால் கணனி நன்றாகத்தான் இருக்கின்றது, செய்தாற்றான் பழுதாகின்றது" என்று சொல்வோர் எம்மிடையே பலர். இதை வெறும் அறியாமை என்று தள்ளிவிட முடியாது. 2018 ஒக்டோபர் 2 இல் மைக்ரோசொப்ற் நிறுவனம் வெளியிட்ட விண்டோஸ் 10 இன் புதுப்பித்தல், சிலருடைய ஆவணங்களையும் படங்களையும் அழித்துவிட்டது. நிறுவனம் சில நாள்களிலேயே அதை நிறுத்தித் திருத்தி, நவம்பர் 13 இல் மீண்டும் வெளியிட்டது. 2024 ஜனவரியில் வந்த இன்னொன்று, எத்தனை முறை முயன்றாலும் 80070643 என்று முடியும் பிழை எண்ணைக் காட்டித் தோல்வியடைந்தது. கணனி பழுதானால் மீட்பதற்கென்று தட்டிலே ஒதுக்கப்பட்டிருக்கும் சிறு பகுதியில் போதிய இடமில்லாமையே அதற்குக் காரணம். அதைப் பெருப்பிக்கும் வழியை நிறுவனம் விளக்கியது உண்மை. ஆனால் அது சாதாரண வீட்டுக்காரர் செய்யக்கூடிய வேலையாக இருக்கவில்லை. எனவே புதுப்பித்தல் சறுக்கும்போதெல்லாம் பிழை எம்முடையதே என்று எண்ணிக் கூசவேண்டியதில்லை.

ஆனால் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். 2017 மே 12 இல் 'வன்னாகிரை' என்னும் நச்சு நிரல் 150 நாடுகள் வரையில் பரவி, கணனிகளிலுள்ள கோப்புகளைப் பூட்டிவைத்துக் கப்பம் கேட்டது. இங்கிலாந்தில் தேசிய சுகாதார சேவையின் 236 நிர்வாகப் பிரிவுகளில் 80 இற்குக் குறையாதவை பாதிக்கப்பட்டன. சத்திர சிகிச்சைகளும் மருத்துவச் சந்திப்புகளும் தடைப்பட்டன. அந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பித்தலோ, அதற்கு ஏறக்குறைய இரு மாதங்கள் முன்னதாக, மார்ச் 14 இலேயே வெளிவந்திருந்தது. அதை ஏற்றாதிருந்த கணனிகளே அகப்பட்டுக்கொண்டன. மருத்துவமனைக்கு உதவ அரசு இருக்கின்றது. எமது வீட்டுப் படங்களைக் கப்பக்காரன் பூட்டினால் யார் வருவார்? கூரையில் ஓடு மாற்றும்போது சில வேளை ஒன்றிரண்டு உடையத்தான் செய்யும். அதற்காக மழைக்கு முன் ஓடு மாற்றாமல் விடுவாருண்டோ?

ஏன் மெதுவாகின்றது?

பெரும்பாலான தடங்கல்களுக்குக் காரணங்கள் எளியவை. அவற்றை விளங்கிக்கொள்ள ஆங்கிலப் புலமையோ பொறியியற் படிப்போ தேவையில்லை.

முதலாவது, நேரம். பழைய கணனிகளில் சுழலும் வன்தட்டு இருக்கின்றது. புதுப்பித்தலின்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை அத்தட்டின் பல இடங்களிலிருந்து எடுத்தும் வைத்தும் ஆகவேண்டும். ஆகவே எண் ஓரிடத்தில் நின்றாலும் வேலை உள்ளே நடந்துகொண்டிருக்கலாம். தட்டின் சிறு விளக்கு மின்னுகின்றதா என்று பாருங்கள். மின்னினால் காத்திருங்கள், இரண்டு மூன்று மணித்தியாலம் ஆனாலும் கை வைக்காதீர்கள். மடிக்கணனியாயின் மின் இணைப்பைச் செருகியே வைத்திருங்கள். மைக்ரோசொப்ற்றின் மாதாந்தப் புதுப்பித்தல் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளிவருவது. அந்த வாரத்திலே, அவசர வேலை இல்லாத ஓர் இரவை அதற்கென ஒதுக்கிவிட்டால், சட்டத்தரணிக்குக் கடிதம் அனுப்பும் இரவில் அது வந்து வழிமறிக்காது.

இரண்டாவது, இடம். தட்டு நிரம்பியிருந்தால் புதுப்பித்தல் தோற்கும். மலிவு விலையில் வாங்கிய மடிக்கணனிகள் சிலவற்றில் மொத்தமே 32 ஜிகாபைற் இடந்தான் உண்டு. செற்றிங்ஸ் என்னும் பகுதியில், சேமிப்பு இடம் பற்றிய பக்கத்திலே, தற்காலிகக் கோப்புகளை அழிக்கும் வசதி இருக்கின்றது. ஆனால் ஓர் எச்சரிக்கை: அந்தப் பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்ற பெயரும் காணப்படும். அதை அடையாளமிட்டு அழித்தால், இணையத்திலிருந்து இறக்கி வைத்த கடிதங்கள் அனைத்தும் போய்விடும். எமது வீடுகளில் உள்துறை அமைச்சின் கடிதமும் வங்கிக் கணக்கறிக்கையும் அங்கேதான் கிடக்கின்றன. அவற்றை வேறிடத்துக்கு மாற்றிய பின்னரே அதிற் கை வையுங்கள்.

மூன்றாவது, கடிகாரம். மேசைக் கணனியினுள்ளே காசு வடிவில் ஒரு சிறு பற்றரி இருக்கின்றது. பலவற்றில் அது சீ.ஆர். 2032 என்ற இலக்கமுடையது. கடைகளிற் சாதாரணமாகக் கிடைக்கும். அது செத்துவிட்டால், மின்சாரத்தைக் கழற்றி மாட்டும்போதெல்லாம் கணனியின் திகதி பல ஆண்டுகள் பின்னுக்குப் போய்விடும். திகதி பிழைத்தால், மறுமுனையிலுள்ள சேவையகத்தின் பாதுகாப்புச் சான்றிதழைக் கணனி செல்லாதது என்று கருதி, புதுப்பித்தலை இறக்க மறுத்துவிடும். திரையின் கீழ் மூலையில் தெரியும் திகதியை ஒருமுறை பார்த்தாலே இந்நோயைக் கண்டுகொள்ளலாம்.

நான்காவது, இணைப்பு. கைத்தொலைபேசியின் இணைப்பைப் பகிர்ந்து கணனியைப் பாவிக்கும் குடும்பங்கள் உண்டு. அளவுக்குக் கட்டணம் அறவிடப்படும் இணைப்பு என்று குறிக்கப்பட்டிருந்தால், விண்டோஸ் பெரும்பாலான புதுப்பித்தல்களைத் தானாக இறக்காது. மாதக்கணக்கில் ஒன்றுமே வரவில்லையென்றால் இதனைச் சோதியுங்கள். இரண்டு நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருள்களை ஒன்றாக ஏற்றி வைத்திருப்பதும் தடங்கலை உண்டாக்கும். விண்டோஸோடு வருவது ஒன்றே சாதாரண வீட்டுக்குப் போதுமானது.

இவ்வளவும் சரியாயிருந்தும் தோல்வியடைந்தால், கணனியை முறைப்படி அணைத்துத் தொடங்கி மீண்டும் முயலுங்கள். செற்றிங்ஸ் பகுதியிலே பழுது கண்டறியும் கருவியொன்றும் இருக்கின்றது. அதை இயக்கிப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால், திரையிற் காணும் பிழை எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொண்டு விடயம் தெரிந்தவரை நாடுங்கள். "ஏதோ வந்தது, அணைத்துவிட்டேன்" என்று சொன்னால் எந்த வைத்தியரும் மருந்து எழுத முடியாது.

தாளில் எழுதவேண்டிய இரண்டு

புதுப்பித்தலுக்கு முன்னர் படங்களையும் பத்திரங்களையும் வெளித் தட்டொன்றிற் பிரதி எடுத்து, அதைக் கழற்றி அலுமாரியில் வைக்கவேண்டும். கழற்றி என்பதை அழுத்திச் சொல்கின்றேன். மாட்டியபடியே இருக்கும் தட்டையும் கப்பக்காரன் பூட்டிவிடுவான்.

அடுத்தது மீட்புத் திறவுகோல். புதிய கணனிகள் பலவற்றில் தட்டு முழுவதும் மறைகுறியாக்கப்பட்டிருக்கின்றது. சில வேளைகளில் புதுப்பித்தலுக்குப் பின்னர் அது 48 இலக்கங்கள் கொண்ட திறவுகோலைக் கேட்கும். 2024 ஜூலையில் வந்த புதுப்பித்தலின் பின்னர் சில கணனிகள் அவ்வாறு கேட்டன. அந்த எண் பெரும்பாலும், கணனியை முதலில் தொடக்கியவருடைய மைக்ரோசொப்ற் கணக்கிலேயே கிடக்கும். எமது வீடுகளில் அந்தக் கணக்கு யாருடைய பெயரில்? மீண்டும் தம்பியின் பெயரில். தம்பி கடவுச்சொல்லை மறந்திருந்தால் கதை முடிந்தது. அந்த 48 இலக்கங்களையும் கணக்கின் கடவுச்சொல்லையும் தாளில் எழுதி, பிறப்புச் சான்றிதழ்களோடு வையுங்கள்.

எமது அச்சத்தை விற்றுப் பிழைப்போரும் உளர். "உங்கள் விண்டோஸ் பழுதாகிவிட்டது, நாங்கள் மைக்ரோசொப்ற்றிலிருந்து பேசுகின்றோம்" என்று தொலைபேசியில் வருபவர் எவராயினும் கள்வரே. அந்த நிறுவனம் கேளாமல் எவரையும் அழைப்பதில்லை. அதன் பிழை அறிவித்தல்களில் தொலைபேசி இலக்கம் இருப்பதுமில்லை. தமிழிலே கனிவாகப் பேசினாலும் தொலைபேசியை வைத்துவிடுங்கள்.

பழைய கணனி வைத்திருப்போர்

விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிவுற்றது. விண்டோஸ் 11 ஆனது ஏறக்குறைய 2017 இற்கு முன்னர் விற்கப்பட்ட பெரும்பாலான கணனிகளை ஏற்றுக்கொள்வதில்லை. திரையும் விசைப்பலகையும் நன்றாயிருக்கும் இயந்திரத்தைக் குப்பையில் போடு என்பதே இதன் பொருள். இரண்டாம் கையாக வாங்கிப் பாவிக்கும் அகதிக் குடும்பங்களை இது முதலில் தாக்குகின்றது. இதை நான் அநீதி என்றே கருதுகின்றேன். 2026 ஒக்டோபர் 13 வரையான பாதுகாப்புப் புதுப்பித்தலுக்கென ஒரு திட்டத்தை நிறுவனம் அறிவித்தது. மைக்ரோசொப்ற் கணக்கொன்றின் மூலம் அமைப்புகளைச் சேமித்தால் மேலதிகக் கட்டணமின்றியும், இல்லையேல் 30 அமெரிக்க டொலர் அல்லது அதற்கீடான தொகைக்கும் அதிற் சேர வழி வைத்தது. ஆயினும் அது தவணையேயன்றித் தீர்வாகாது. இணையமும் கடிதமும் மட்டும் தேவையான வீடுகளுக்கு, 'லினக்ஸ் மின்ற்' போன்ற இலவச இயங்குதளம் பழைய இயந்திரத்துக்கு மறுவாழ்வு தரும். பிரதி எடுத்த பின்னர், தெரிந்தவர் ஒருவரின் துணையோடு அதனைச் செய்விக்கலாம்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். சனிக்கிழமைகளில் எமது தமிழ்ப் பாடசாலைகளின் நடைகூடங்களிலே, பிள்ளைகளின் வகுப்பு முடியும்வரை பெற்றோர் மணிக்கணக்கில் காத்திருக்கின்றனர். தவணைக்கு ஒரு சனிக்கிழமை, ஓர் அறையைத் திறந்துவிடுங்கள். மடிக்கணனியையும் ஒரு வெளித் தட்டையும் கொண்டுவரச் சொல்லுங்கள். விடயம் அறிந்த இளையோர் பக்கத்தில் இருக்கட்டும். ஆனால் விசையை அழுத்துவது தாயும் தந்தையுமாக இருக்கட்டும். செய்து கொடுத்து அனுப்பினால், அடுத்த மாதமும் அவர்கள் தம்பியைத்தான் தேடுவர்.

மொழி தெரியாத நாட்டில் வந்திறங்கி, படிவம் நிரப்பவும் பேருந்து ஏறவும் வரி கட்டவும் கற்றுக்கொண்டவர்கள் நாங்கள். மாதத்தில் ஓர் இரவு ஒரு திரையின் முன்னே பொறுமையோடு அமர்ந்திருக்கக் கற்பது அவற்றைவிடக் கடினமானதன்று. பிள்ளைகள் படித்து வெளியேறுவார்கள், வெளியேறவும் வேண்டும். அவர்கள் போன பின்னரும் வீட்டின் திறப்பு எமது கையில் இருக்கட்டும்.