பள்ளியும் பள்ளத்தாக்கும்



குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது என்னும் செய்தி வந்ததும் சங்கரன்கோவில் வட்டாரத்தில் நம் வீடுகளில் நிகழ்வதை நீங்கள் நன்கறிவீர்கள். வேன் ஒன்று பேசப்படுகிறது. விடியும் முன்பே தேக்சாவில் சோறு ஆக்கப்படுகிறது. அருவியில் குளிக்கிறோம், உண்கிறோம், நேர்ச்சை இருப்பவர்கள் பொட்டல்புதூர் வரை சென்று வருகிறார்கள். இரவில் களைத்துத் திரும்புகிறோம். உழைத்து அலுத்த குடும்பங்கள் இவ்வாறு ஒரு நாள் மகிழ்ந்திருப்பதில் எவ்விதப் பிழையும் இல்லை. ஆயினும் ஒன்று கேட்க விரும்புகிறேன். அந்த ஒரு நாளில் கடந்து சென்ற நிலத்தைப் பற்றி நாம் என்ன அறிந்து கொண்டோம்? வீட்டிலிருந்து புறப்பட்ட அதே அறிவோடுதானே திரும்பி வருகிறோம்?

இக்கேள்விக்கு விடை காணவே சென்ற ஆண்டு எங்கள் மதரஸா மாணவ மாணவியரின் குடும்பங்கள் சிலவற்றைச் சேர்த்துக் கொண்டு, ஒரு பகற்பொழுதுப் பயணத்தை வேறு விதமாக அமைத்தோம். வழிகாட்டியாக, ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவரை அழைத்துக் கொண்டோம். காலையில் கழுகுமலை, பிற்பகலில் தென்காசியும் குற்றாலமும், மாலையில் செங்கோட்டைக் குண்டாறு என்பது திட்டம். தொலைவு கஸ்ருக்குரியதன்று, ஆகவே தொழுகையைச் சுருக்க இடமில்லை. லுஹருக்குக் கடையநல்லூர் என்று முன்னரே முடிவு செய்தோம்.

திட்டத்தைக் கேட்டதும் ஜமாஅத்தின் பெரியவர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். "ஹஜ்ரத், கழுகுமலையில் இருப்பது சிலைகள். நம் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போகலாமா? அங்கே நமக்கு என்ன இருக்கிறது?" என்றார். உள்ளத்திலிருந்து வந்த கேள்வி அது, சிரித்து ஒதுக்கத்தக்கதன்று. வணங்கச் செல்வது வேறு, அறியச் செல்வது வேறு என்று பணிவுடன் கூறினேன். பூமியில் பயணம் செய்து, முன் வாழ்ந்தோரின் நிலையை உற்று நோக்குமாறு இறைமறை பல இடங்களில் ஏவுவதை நினைவூட்டினேன். 11-ஆம் நூற்றாண்டில் அல்பிரூனி வடமொழி கற்று, இந்நாட்டு மக்களின் கல்வியையும் நம்பிக்கைகளையும் குறித்துப் பெருநூல் எழுதினார். அதனால் அவருடைய ஈமானுக்குக் குறை நேர்ந்ததாக எவரும் கூறியதில்லை. 14-ஆம் நூற்றாண்டில் இப்னு பதூதா நம் தமிழகக் கரைக்கும் மதுரைக்கும் வந்து கண்டதைப் பதிவு செய்தார். பெரியவர் சற்று நேரம் யோசித்து, "அப்படியானால் நானும் வருகிறேன்" என்றார்.

கழுகுமலை, சங்கரன்கோவிலிலிருந்து கோவில்பட்டிச் சாலையில் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். இதன் பண்டைப் பெயர் அரைமலை. பஜ்ர் தொழுததும் புறப்பட்டோம்; பத்து மணிக்கு மேல் பாறை சுடத் தொடங்கிவிடும். மலையடியில் ஆசிரியர் எங்கள் பிள்ளைகளுக்கு இரண்டு நிபந்தனைகள் விதித்தார். கல்லில் பெயர் எழுதலாகாது. விளங்காததைக் கேட்காமல் இறங்கலாகாது.

முதலில் வெட்டுவான் கோயிலைக் கண்டோம். 8-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலப் பணி இது. கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எழுப்பிய கட்டடம் அன்று. மலைப்பாறையை மூன்று பக்கமும் ஆழமாக அகழ்ந்து, நடுவில் நிறுத்திய ஒரே கல்லை உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கியிருக்கிறார்கள். மராட்டிய மாநிலத்தில் எல்லோராக் குடைவரைகளுள் புகழ் பெற்ற கைலாசநாதர் கோயிலும் இம்முறையில் அமைந்ததே. வீடு கட்டுவோர் அடித்தளத்திலிருந்து தொடங்குவர். இங்கோ சிகரமே தொடக்கம். ஓர் உளி தவறினாலும் உடைந்த கல்லுக்கு மாற்றாக வேறு கல் வைக்க இயலாது. மேற்பகுதி நிறைவெய்தியிருக்க, கீழ்ப்பகுதி முற்றுப்பெறாமல் நின்றுவிட்டது. தந்தைச் சிற்பிக்கும் மகனுக்கும் மூண்ட போட்டியில் மகன் மாண்டதால் வேலை நின்றது என்று ஊரார் கதை கூறுவர். "கதை கதைதான். ஆனால் நிறைவடையாத இந்தப் பகுதியே நமக்குப் பாடநூல். சிற்பிகள் வேலை செய்த முறையை முடிந்த பகுதி மறைத்துவிடுகிறது, முடியாத பகுதி காட்டிக் கொடுக்கிறது" என்றார் ஆசிரியர். கொத்தனார் வேலை செய்யும் ஒரு தந்தை, உளி பட்ட தடங்களை நெடுநேரம் பார்த்து நின்றார். அன்று அக்கோயிலை எங்களுள் எவரையும் விட நன்கு கண்டவர் அவரே எனலாம்.

அடுத்து, பாறையின் மேற்பகுதியில் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்ட சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள். நூற்றுக்கு மேற்பட்டவை. அவற்றின் கீழே ஏதோ கோலம் போன்று வளைந்து வளைந்து செல்லும் கோடுகள். ஒரு சிறுவன், "இது என்ன பூவேலை?" என்று கேட்டான். "பூவேலை அன்று தம்பி, தமிழ்!" என்றார் ஆசிரியர்.

ஆம் வாசகர்களே! அது வட்டெழுத்து. பாண்டிய நாட்டில் பல நூற்றாண்டுகள் தமிழ் எழுதப்பட்ட வடிவம் அது. அம்மலையில் ஏறத்தாழ நூறு கல்வெட்டுகள் உள்ளன. பராந்தக நெடுஞ்சடையன் என்னும் பாண்டியன் காலத்தில் இவ்விடம் சமணரின் பெரும் கல்வி நிலையமாக விளங்கியது. சமய நூலை விளக்கிப் பாடம் சொன்ன துறவியர்க்கு உணவளிக்க அறக்கொடை ஏற்படுத்திய செய்தி கல்லில் உள்ளது. ஊர் மக்கள் கொடுக்கும் அரிசியிலும் சந்தாவிலும் நடைபெறும் மதரஸாவில் கற்பிக்கும் எனக்கு, அச்செய்தி அந்நியமாகத் தோன்றவில்லை. பாடம் சொல்பவனுக்கு ஊர் சோறு போட வேண்டும் என்னும் நீதி இம்மண்ணில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழையது.

இன்னும் ஒன்று கேளுங்கள். உருவங்களைச் செய்வித்தோர் பெயர்களில் மன்னரைக் காட்டிலும் எளிய மக்களே மிகுதி. அவர்களுள் 'குரத்தியர்' எனப்பட்ட பெண் ஆசிரியர்களும் அவர்தம் மாணாக்கியரும் உண்டு. திருச்சாரணத்துக் குரத்தியர் என்று ஒரு பெயர் வருகிறது. திருச்சாரணம் என்பது இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துச் சிதறால் மலை. எட்டாம் வகுப்பு முடித்த மாணவி ஒருத்தி, "அது இங்கிருந்து எவ்வளவு தூரம், சார்?" என்று கேட்டாள். நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும் என்றார் ஆசிரியர். அவள் தன் உம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். உம்மா வேறு பக்கம் பார்த்துக் கொண்டார். 56 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருநெல்வேலிக் கல்லூரி 'ரொம்பத் தூரம்' என்று அவளுடைய ராத்தாவின் படிப்பு நிறுத்தப்பட்டதை அங்கிருந்த அனைவரும் அறிவோம். எவரும் ஒன்றும் பேசவில்லை. கற்பது ஆண், பெண் இருபாலார் மீதும் கடமை என்று மிம்பரில் நாம் கூறுவதை அந்தப் பாறை மௌனமாக எங்களிடம் திருப்பிக் கேட்டது.

பெரியவரின் கேள்விக்கு வருகிறேன்; "அங்கே நமக்கு என்ன இருக்கிறது?" என்றாரல்லவா? ஒரு சொல் இருக்கிறது. சமணத் துறவியர் படுத்துறங்கிய மலையிடத்திற்குப் 'பள்ளி' என்று பெயர். அவர்கள் அங்கே பாடமும் சொன்னதால் கல்விக்கூடம் பள்ளியாயிற்று என்பர் அறிஞர். பின்னர் இஸ்லாம் தமிழ்க் கரையை அடைந்தபோது, தொழும் இடத்தைக் குறிக்கத் தமிழர் எடுத்துத் தந்த சொல்லும் அதுவே. திருப்புல்லாணியிலுள்ள பாண்டியர் காலக் கல்வெட்டு, சோனகரான முஸ்லிம்களின் தொழுமிடத்தைப் பள்ளி என்றே குறிக்கிறது. நாளுக்கு ஐந்து முறை நாம் உச்சரிக்கும் 'பள்ளிவாசல்' என்னும் சொல்லின் முற்பாதி இத்தகைய மலைகளிலிருந்து இறங்கி வந்தது. இதைச் செவியுற்ற பெரியவர், "அப்படியா!" என்று ஒரே சொல் சொல்லி, மீண்டும் ஒருமுறை அப்பாறையை ஏற இறங்கப் பார்த்தார்.

கழுகுமலையிலிருந்து திரும்பிப் புளியங்குடி வழியாக மேற்கே சென்றோம். இங்கே நிலமே பாடநூலாயிற்று. காலையில் கண்டது கரிசல் காடு, மழையை எதிர்பார்த்துக் கிடக்கும் மானாவாரி மண். கடையநல்லூர் தாண்டித் தென்காசியை நெருங்கும்போது பச்சை வயல், முகத்தில் குளிர் காற்று. ஐம்பது கிலோமீட்டருக்குள் இத்தனை மாற்றம் ஏன்? சூன் மாதம் அரபிக் கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்து நிறுத்தி, மழையைக் கேரளப் பக்கம் பொழிவித்துவிடுகிறது. மலையின் இப்புறத்திலுள்ள நாம் மழை மறைவில் இருக்கிறோம். ஆனால் செங்கோட்டைக்கு மேற்கே மலை தாழ்ந்து ஒரு கணவாய் உண்டு. அந்த வாயில் வழியே ஈரக்காற்று நுழைந்து சிந்தும் துளிகளே குற்றாலச் சாரல். அக்கணவாய் வழியேதான் 1904-இல் செங்கோட்டை–புனலூர் இருப்புப் பாதையும் திறக்கப்பட்டது. அகலப் பாதையாக்க 2010-இல் நிறுத்தப்பட்டு, 2018-இல் மீண்டும் முழுமையாக இயங்கத் தொடங்கியது. காற்று கண்டுபிடித்த வழியையே மனிதனும் பின்பற்றினான் என்று சொல்லலாமல்லவா?

தென்காசியில் வேனைச் சற்று நிறுத்தி, சாலையிலிருந்தே கோபுரத்தைக் கண்டோம். 15-ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டிய கோயில் அது. நெடுங்காலம் பிளவுண்டு நின்ற கோபுரம் 1990-இல் புதிதாய் எழுந்தது. அம்மன்னன் வெட்டுவித்த கல்வெட்டின் கருத்தை ஆசிரியர் எடுத்துரைத்தார். பிற்காலத்தில் இதற்குக் குற்றம் நேர்ந்தால் அதைச் சீர்செய்து காப்பவர் எவரோ, அவர் அடியில் நான் இப்போதே பணிகிறேன் என்பது அதன் பொருள். முடிசூடிய மன்னன், இன்னும் பிறவாத ஒரு கொத்தனுக்கும் காவலனுக்கும் தலை தாழ்த்துகிறான்! கட்டுவதினும் காப்பது அரிது என்று அவன் அறிந்திருந்தான். காலையில் கழுகுமலையில், ஆயிரத்து இருநூறு ஆண்டு கண்ட பாறையில் ஆணியால் கீறப்பட்ட காதலர் பெயர்களை நாங்கள் பார்த்திருந்தோம். அப்போது பிள்ளைகள் சிரித்தனர். தென்காசியில் அதை நினைவூட்டியபோது எவரும் சிரிக்கவில்லை.

குற்றாலத்தில் குளியல். அதை விவரிக்க வேண்டியதில்லை! அசருக்குப் பின் செங்கோட்டை அருகே குண்டாறு அணைக்குச் சென்றோம். 36 அடி உயரமே கொண்ட சிறிய அணை. சுற்றிலும் மலை, மேகம் மரங்களின் தலையைத் தொட்டுச் செல்லும் பள்ளத்தாக்கு. அங்கே அனைவரும் வட்டமாக அமர்ந்து உண்டோம். முதல் தட்டை ஆசிரியருக்கு வைத்தவர் நம் பெரியவர்தாம்.

வாசகர்களே! அன்று நான் உணர்ந்தது இதுவே. படிக்கத் தெரிந்த ஒருவர் உடன் இருந்தால் கல் பேசுகிறது, காற்று பேசுகிறது. அவர் இல்லையேல் எழுத்தும் பூவேலையாகத் தோன்றுகிறது. இது பிறருடைய கல்வெட்டுக்கு மட்டும் உரிய செய்தி அன்று. தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத் தமிழ் நம் முன்னோரின் செல்வம். மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்களின் 'மகானி' போன்ற நூல்களை நம் வீட்டுப் பெண்கள் அவ்வெழுத்தில் படித்தே மார்க்கச் சட்டம் அறிந்தனர். இன்று அவ்வேடுகள் பரணில் தகரப் பெட்டிக்குள் கிடக்கின்றன. பேரப்பிள்ளை அதைத் திறந்தால், குர்ஆன் ஓதத் தெரிந்தும் அந்த வரிகளின் பொருள் புரியாமல் மூடிவிடுகிறான். வட்டெழுத்துக்கு நேர்ந்தது நம் கண் முன்னே அரபுத் தமிழுக்கும் நேர்ந்து கொண்டிருக்கிறது.

ஆகவே அடுத்த சாரலுக்கு வேன் பேசும்போது மூன்று காரியங்கள் செய்யுங்கள். உங்கள் ஊரில் வரலாறு அறிந்த ஆசிரியர் ஒருவரை, எச்சமயத்தவராயினும், மரியாதையோடு அழைத்து முன்னிருக்கையில் அமர்த்துங்கள். பெண் பிள்ளைகளைச் சமையற் பாத்திரத்துக்குக் காவல் வைக்காமல் மலை மேல் அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விக்கு வீடு திரும்பிய பின்னும் விடை சொல்லுங்கள். பிறகு, அவ்வெழுத்து அறிந்த முதியவர் ஒருவர் உயிருடன் இருக்கும்போதே, அந்தத் தகரப் பெட்டியை அவர் முன்னே திறந்து வையுங்கள்.