கோப்பை ஜெயித்த அணி ஒரே கோடையில் கலைந்தது ஏன்? ஐஸ் ஹாக்கியின் சம்பளக் கணக்கு

வட அமெரிக்காவின் என்.ஹெச்.எல். ஐஸ் ஹாக்கி லீக்கில், வீரர்களின் சம்பளத்துக்கு ஓர் அணி இவ்வளவுதான் செலவு செய்யலாம் என்று வரம்பு உண்டு. 2025-26 சீசனுக்கு அது 9.55 கோடி டாலர். அடுத்த சீசனுக்கு 10.4 கோடி, அதற்கடுத்து 11.35 கோடி என்று அறிவிப்பும் வந்திருக்கிறது. ஐ.பி.எல். ஏலத்தில் ‘பர்ஸ்’ இருக்கே, கிட்டத்தட்ட அதே கதைதான். ஆனால் மெகா ஏலம் எல்லா அணிகளையும் ஒன்றாகக் கலைத்துப் போடும். இங்கே அடி பெரும்பாலும் சாம்பியனுக்குத்தான். ஜெயித்தவர்களின் சம்பளம் ஏறுகிற வேகத்தில் வரம்பு ஏறாது.

இதைப் புரிந்துகொள்ள சிகாகோ பிளாக்ஹாக்ஸின் 2010-11 சீசனைவிட நல்ல உதாரணம் கிடையாது.

2010 ஜூனில் பிலடெல்பியாவை வீழ்த்தி, 49 ஆண்டுகளுக்குப் பிறகு ஸ்டான்லி கோப்பையை வென்றது சிகாகோ. அந்த அணியின் ரகசியமே மலிவு விலைதான். நட்சத்திரங்களான ஜொனாதன் டேவ்ஸும் பேட்ரிக் கேனும் அதுவரை புதுமுகங்களுக்கான குறைந்த சம்பள ஒப்பந்தத்தில் ஆடினார்கள். அந்தக் கோடையில் இருவருக்கும் ஆண்டுக்கு 63 லட்சம் டாலர் வீதம் புது ஒப்பந்தம் தொடங்கியது. போதாததற்கு, ஜெயித்ததற்கான போனஸ் தொகையில் சுமார் 40 லட்சம் டாலர் அடுத்த ஆண்டுக் கணக்கில் ஏறியது. மொத்த வரம்போ 5.94 கோடிதான்!

அப்புறம் என்ன, விற்பனை. பஃப்ளின், லாட், சோப்பல், ஈகர் என நான்கு பேர் அட்லாண்டாவுக்கே போனார்கள். வெர்ஸ்டீக் டொரான்டோவுக்கு. அதிக சம்பளம் வாங்கிய கோல்கீப்பர் ஹுவெட்டை சுவிட்சர்லாந்து கிளப்புக்கு இரவல் கொடுத்து, அவர் சம்பளத்தைக் கணக்கிலிருந்து எடுத்தார்கள். கோப்பை வென்று தந்த கோல்கீப்பர் நியெமிக்கு 27.5 லட்சம் தர வேண்டும் என்று நடுவர் தீர்ப்பு வந்தது. ‘எங்களால் முடியாது’ என்று கைவிட்டது சிகாகோ. 13 லட்சத்துக்கு டர்கோ வந்தார், சரிப்படவில்லை. இளம் வீரர் கிராஃபர்ட்தான் காப்பாற்றினார்.

விளைவு? முந்தைய ஆண்டு 112 புள்ளிகள், இந்த முறை 97. கடைசி நாளில் டெட்ராய்ட்டிடம் தோற்றுவிட்டு, டல்லஸ் - மினசோட்டா ஆட்ட முடிவுக்காகக் காத்திருக்க வேண்டிய நிலை. டல்லஸ் ஜெயித்தால் சாம்பியன் வெளியே. மினசோட்டா 5-3 என வென்றதால் எட்டாவது இடத்தோடு பிளே-ஆஃப் வாய்ப்பு கிடைத்தது. முந்தைய ஆண்டு சிகாகோவில் ஆடிய மேடன் அந்த சீசனில் மினசோட்டா வீரர், பரிஷ் டல்லஸ் வீரர் என்பது தனி வேடிக்கை.

பிளே-ஆஃபில் எதிரே வான்கூவர், அந்த ஆண்டு லீக்கிலேயே அதிகப் புள்ளிகள் எடுத்த அணி. முதல் மூன்று ஆட்டங்களும் தோல்வி. எல்லோரும் முடிந்தது என்று நினைத்தபோது 7-2, 5-0, 4-3 என அடுத்த மூன்றையும் ஜெயித்தது சிகாகோ. ஏழாவது ஆட்டத்தில், ஒரு வீரர் குறைவாக ஆடிக்கொண்டிருந்தபோது, இரண்டு நிமிடத்துக்கும் குறைவான நேரமே மீதி இருக்க டேவ்ஸ் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் பர்ரோஸ் அடித்த கோலில் வான்கூவர் தப்பித்தது.

பட்டியலில் இது ‘முதல் சுற்றிலேயே வெளியேறிய சாம்பியன்’ என்று ஒரு வரியாக இருக்கும். அது நியாயமான மதிப்பீடு இல்லை. கழித்தது போக மிஞ்சிய அணி எவ்வளவு தாங்கும் என்பதைத்தான் அந்த சீசன் காட்டியது. அணியின் முதுகெலும்பை மட்டும் விற்காமல் வைத்திருந்ததன் பலன் 2013, 2015 கோப்பைகள். மூன்று முறையும் ஏழு வீரர்கள் பொதுவானவர்கள்.

வரம்பு இப்போது உயர்வது சாம்பியன்களைக் காப்பாற்றுமா? சந்தேகம்தான். அவர்களுக்குக் கிடைக்கும் அதே கூடுதல் பணம், அவர்களின் வீரர்களைத் தூக்க நினைக்கும் அணிகளுக்கும் கிடைக்கிறதே. 2005-ல் வரம்பு வந்ததிலிருந்து 2025 வரை கோப்பையைத் தக்கவைத்தவை பிட்ஸ்பர்க், டாம்பா பே, ஃப்ளோரிடா மட்டுமே.

சிகாகோவும் தப்பவில்லை. 2015-ல் மூன்றாவது கோப்பை வந்த கையோடு டேவ்ஸ், கேன் சம்பளம் தலா 1.05 கோடி டாலரானது. ஒரு மாதத்துக்குள் சாட் கொலம்பஸுக்கும், ஷார்ப் டல்லஸுக்கும் அனுப்பப்பட்டார்கள்.