வெற்றிடக் கண்ணாடி: முகப்புக்கா, ஃப்ரீசருக்கா?

மதுரவாயலைத் தாண்டி வானகரம் வரும் வரை சாலையோரக் கடைகள் பலவற்றில் முகப்பு முழுவதும் கண்ணாடியாகிவிட்டது. மளிகைக் கடைகளும் அதே வழியில் போகின்றன. பார்வைக்கு அழகுதான். ஆனால் உள்ளே ஓடும் ஏ.சி.க்கும் ஃப்ரீசருக்கும் வணிக விகிதத்தில் கட்டணம் கட்டுவது நாம்தான். இந்நிலையில் வெற்றிடக் கண்ணாடி பற்றி விசாரிக்கும் வணிகப் பெருமக்களுக்கு நமது கருத்தைச் சொல்ல விரும்புகிறோம்.

தத்துவம் புதிதல்ல. கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் காபி ஃபிளாஸ்க்தான் அது. 1892-ல் ஜேம்ஸ் டூவர் கண்ட வழி: இரண்டு சுவர்களுக்கு நடுவே காற்றை எடுத்துவிட்டால் சூடு கடப்பது வெகுவாகக் குறையும். தட்டையான கண்ணாடியில் இது கைகூட வெகுகாலம் பிடித்தது. வெளிக்காற்று சதுர மீட்டருக்குச் சுமார் 10 டன் அழுத்தம் கொடுக்கிறதே! 1989-ல் சிட்னி பல்கலைக்கழகத்தில் வெற்றி கண்டார்கள். பின்னர் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. இரண்டு தகடுகளுக்கு இடைவெளி 0.2 மில்லிமீட்டர் அளவுதான். அவை ஒட்டிக்கொள்ளாதிருக்கக் கடுகிலும் சிறிய முட்டுகள் வரிசையாக நிற்கின்றன.

உயிர் ஓரத்தில் இருக்கிறது. வெளித்தகடு வெயிலில் விரியும், உள்தகடு குளிரில் சுருங்கும். அந்த இழுப்பு முழுவதையும் தாங்குவது ஓர அடைப்பு. அதில் மயிரிழை விரிசல் விட்டால் காற்று புகுந்துவிடும். அடிமுனை உடைந்த ஃபிளாஸ்க் மாதிரி, பார்க்க நன்றாக இருக்கும், வேலை செய்யாது. உலகெங்கும் ஆராய்ச்சி இந்த ஓரத்தை உறுதியாக்குவதில்தான் நடக்கிறது.

கடை முகப்புக்கு இதை வாங்க அவசரப்பட வேண்டாம் என்போம். வெளியே 38 டிகிரி, உள்ளே 25 என்றால் வித்தியாசம் 13 தான். குளிர்நாட்டில் 30-ஐத் தாண்டும். அவர்கள் கணக்கு வேறு. நம் தொல்லை நேர் வெயில். அதை வெற்றிடம் தடுக்காது. தடுப்பது கண்ணாடியின் மேல் பூச்சும், வெளியே இறக்கிய சாய்ப்பும்தான். மேற்குப் பார்த்த கடைக்கு ஒரு நல்ல படுதா போதும், செலவும் கொஞ்சம்.

ஃப்ரீசர் கதவு அப்படியல்ல. உள்ளே மைனஸ் 18, கடைக்குள் 32. வித்தியாசம் 50 டிகிரி! நம் ஊர் ஈரக்காற்றில் கண்ணாடி வியர்த்துச் சரக்கே தெரியாது. அதற்காகப் பல கதவுகளில் சூடேற்றும் கம்பி வைக்கிறார்கள். குளிர வைக்கவும் காசு, சூடாக்கவும் காசு. வெற்றிடக் கண்ணாடி பணத்தைத் திருப்பித் தரக்கூடிய இடம் இதுவே.

வாங்குவோர் கனத்தைப் பாருங்கள். மெல்லிய தகடுகளால் செய்த வெற்றிடக் கண்ணாடி 6, 8 மில்லிமீட்டரில் முடிந்துவிடும். ஓரத்தில் அலுமினியப் பட்டை வைத்து 20 மில்லிமீட்டர் கனத்தில் வருவது சாதாரண இரட்டைக் கண்ணாடி. பெயரை மாற்றிச் சொன்னால் ஏமாற வேண்டாம். வெற்றிடம் எத்தனை ஆண்டு நிற்கும் என்ற உத்தரவாதத்தை எழுத்தில் கேளுங்கள். வாய்ச்சொல் பில்லில் கழியாது.

நம் சாலையிலேயே ஸ்ரீபெரும்புதூரில் 2000-ஆம் ஆண்டு முதல் செயின்ட் கோபெய்ன் கண்ணாடி ஆலை இயங்குகிறது. ஃப்ரீசர் கதவு அளவில் இந்தச் சரக்கு கிடைக்குமா, என்ன விலை என்று தனிக்கடைக்காரர் கேட்பதைவிடச் சங்கம் கேட்டால் மதிப்பு உண்டு. அங்கத்தினர்கள் தங்கள் ஃப்ரீசர் கதவின் நீள அகலத்தையும் எண்ணிக்கையையும் எழுதிச் சங்க அலுவலகத்தில் சேர்த்தால் மொத்தமாக விலை கேட்கலாம்.